எரிந்த மலையடியில் நாலு நாள்

பங்குனி மாதம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு மொட்டை மாடியிலும் கூழ்வற்றல் காயும். போன பங்குனியில் ஒரு நாள், ராத்திரி எடுக்க மறந்துபோன வற்றல் துணியை எடுக்க விடியற்காலையில் மாடிக்குப் போனேன். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய வற்றல் மேல் கறுப்புக் கறுப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. காக்கை வேலையோ என்று தொட்டுப் பார்த்தால், புல் எரிந்த சாம்பல்!

முந்தின ராத்திரி மலையடிவாரத்தில் தீ தெரிந்தது உண்மைதான். எங்கள் வீடு அம்பாசமுத்திரத்தில். மேற்கே பார்த்தால் பொதிகை மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். அந்த இருட்டில் தீ ஒரு கோடாக வளைந்து வளைந்து போனது. கோயில் சப்பரத்துக்கு மாலை சாத்தின மாதிரி அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அழகுதான். சாம்பல் வற்றலில் வந்து விழுந்த பிறகுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் நடுவில், மலையடியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு ஓடை. அதைத் தாண்டிப் புல்லும் உடைமரமும் நெல்லியுமாய் ஒரு பொத்தை. அதற்கு மேலே காட்டு எல்லை. தீப்பிடித்தது செவ்வாய்க்கிழமை ராத்திரி. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அந்த ஓடைக்கரையில் மூன்று கல் கூட்டி கூட்டாஞ்சோறு பொங்கினவர்கள் நாங்கள்தான். அடுப்பை அணைத்தது நான். அரைக்குடம் தண்ணீர் ஊற்றினதாக ஞாபகம். அடியில் கிளறிப் பார்த்தேனா? அதுதான் ஞாபகம் வரவில்லை.

கேமராவோடு வந்த அண்ணன் மகள்

அந்த வாரக் கடைசியில் என் அண்ணன் மகள் பாளையங்கோட்டையிலிருந்து வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். பறவைகளைப் படம் எடுப்பதில் பைத்தியம். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருக்கிறாள். “அத்தை, தீப்பிடிச்ச இடத்தைப் பார்க்கணும், கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

“எரிஞ்சு போன இடத்துல என்னத்தட்டி படம் எடுக்கப் போற?” என்றேன்.

அவள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். 2019-ல் தொடங்கி 2020 வரை ஆஸ்திரேலியாவில் பெரும் காட்டுத்தீ பரவியது அல்லவா? அந்தச் சமயத்தில் ஜோ-ஆன் மெக்ஆர்தர் என்ற கனடா நாட்டுப் பெண்மணி எடுத்த படம். கரிக்கட்டையாக நிற்கும் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு தாய்க் கங்காரு நிற்கிறது. அதன் வயிற்றுப் பையில் குட்டி. அந்தத் தாய் நம்மையே பார்க்கிறது. பிள்ளை பெற்று வளர்த்த யாரும் அந்தப் படத்தைச் சட்டென்று தள்ளிவிட்டுப் போக முடியாது.

எனக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது. படத்துக்காக இல்லை, அந்த மூன்று கல்லைப் பார்க்க. ஆனால் பயமும் இருந்தது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் போனது யாருக்கு மறக்கும்? அதில் எத்தனையோ இளம் பெண்கள். தீ முழுக்க அணைந்துவிட்டது என்று வனத்துறையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, காட்டு எல்லையைத் தாண்டக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். தோட்டத்துக்காரர் ஏற்பாட்டில், வனத்துறையில் காவலராக வேலை பார்க்கும் காணி இனத்துப் பெரியவர் ஒருவரும் கூட வந்தார்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. முண்டந்துறை சரணாலயம் 1962-லும், களக்காடு சரணாலயம் 1976-லும் ஏற்பட்டவை. இரண்டையும் சேர்த்து 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். இதன் மையப் பகுதியின் பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டுக்குள் இருக்கிறார்கள்.

நாலாம் நாள்: கறுப்பு

சனிக்கிழமை கருக்கலிலேயே போய்ச் சேர்ந்தோம். அப்பப்பா! ஓடைக்கு அக்கரையில் ஒரே கறுப்பு. காலை வைத்தால் பொசுபொசுவென்று சாம்பல் கணுக்கால் வரை ஏறியது. ஒரு பூச்சிச் சத்தம் கூட இல்லை. பெரியவர் முன்னால் போய்க் கம்பால் தட்டித் தட்டிப் பார்த்தார். “மேல ஆறிக் கெடக்கும் தாயி. வேருக்குள்ள நெருப்பு ஒளிஞ்சிருக்கும். நான் மிதிச்ச இடத்துல மிதிங்க” என்றார். நின்றபடி எரிந்த மரங்களுக்கு அடியில் நிற்கவே விடவில்லை. காற்றடித்தால் கிளை முறிந்து விழுமாம்.

என் கண் மட்டும் ஓடைக்கரையைத் தேடியது. மூன்று கல்லும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. சுற்றிலும் கறுப்பு. தொண்டை அடைத்தது. மறைத்து என்ன பயன்? “ஞாயித்துக்கிழமை இங்கே பொங்கினது நாங்கதான் ஐயா. எங்க அடுப்புல இருந்துதான் பிடிச்சிருக்குமோ?” என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு மரமாகப் போய்த் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நிற்கும் மரத்தில் தீ எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் கரி தாழ இருக்கும். காற்று போகிற பக்கம், அதாவது மரத்தின் முதுகில், தீ நாக்கு மேலே ஏறிக் கரி உயரமாகப் பிடித்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே பின்னோக்கி நடந்தார். நாங்களும் தொடர்ந்து நடந்தோம். கடைசியில் மேட்டுப் பாதையின் வளைவுக்கு வந்து நின்றோம். அங்கே உடைந்த பாட்டில், பீடிக்கட்டுத் தாள், பாதி எரிந்த பிளாஸ்டிக் தம்ளர்.

“இங்கேருந்து எறங்கியிருக்கு. உங்க அடுப்பு இல்ல தாயி” என்றார். நான் பெருமூச்சு விட்டேன். அவர் திரும்பி வந்து எங்கள் அடுப்பைக் கம்பால் கிளறினார். மேலே ஈரச் சாம்பல் இறுகிப்போயிருந்தது. அடியில் ஒரு வேர், ஒரு சாண் நீளத்துக்கு உள்ளேயே கனிந்து கரியாகி இருந்தது. “ஆனா ஆகியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கண்டித்துப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் என் போனை எடுத்து அந்த மூன்று கல்லைப் படம் எடுத்தேன். என் முதல் படம் அதுதான்.

அண்ணன் மகள் அதற்குள் பறவைகளைக் கண்டுவிட்டாள். நான் உயிரே இல்லை என்று நினைத்த இடத்தில் கரிச்சான், அதுதான் நாம் இரட்டைவால் குருவி என்போமே, கரிக்கட்டை மேல் உட்கார்ந்து உட்கார்ந்து பறந்தது. ஒளிய இடமில்லாமல் வெளியே வரும் பூச்சிகளைப் பிடிக்கத்தான். ஒரு பனங்காடை இறக்கையை விரித்தது பாருங்கள்! அந்தக் கறுப்பில் அந்த நீலம், பட்டுச்சேலைக் கடையில் புடவையை விரித்துப் போட்ட மாதிரி. ஆனால் ஓட முடிந்ததும் பறக்க முடிந்ததும்தான் தப்பித்தன. ஒரு கல்லிடுக்கில் கட்டாமை ஒன்றின் ஓடு கிடந்தது. முதுகில் நட்சத்திரக் கோலம் பாதி அழிந்திருந்தது. அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும், பாவம். அவள் அதைப் படம் எடுக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, கேமராவை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

பதினோராம் நாள்: சாம்பல் சிலேட்டு

அடுத்த சனிக்கிழமையும் போனோம். இந்தத் தடவை நிலம் பேசியது. காற்றும் பனியும் பட்டுச் சாம்பல் படிந்து, பள்ளிக்கூடத்துச் சிலேட்டு மாதிரி ஆகியிருந்தது. அதில் ராத்திரி வந்து போனவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முயல், மயில், கீரி, கிழங்கு தோண்டின காட்டுப்பன்றி. முள்ளம்பன்றி வாலை இழுத்துக்கொண்டு போன கோட்டைப் பெரியவர் காட்டினார். வெயில் ஏறினால் ஒரு தடமும் தெரியாது. காலை ஏழு மணிக்குள் வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் குழியும் மேடும் படத்தில் எடுப்பாக விழுகின்றன.

கறுப்பு நிலத்தைப் படம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை அவளிடம் கற்றுக்கொண்டேன். கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, எல்லாம் இருட்டாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, கறுப்பைச் சாம்பல் நிறமாக வெளுப்பாக்கிவிடும். நாம்தான் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைக்க வேண்டும். போனில் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். லென்ஸை அங்கே கழற்றி மாட்டக்கூடாது. சாம்பல் உள்ளே போனால் கேமரா பாழ். துணியால் தேய்க்காமல், ஊதுகுழாயால் ஊதித்தான் தட்ட வேண்டும்.

வண்ணமே இல்லாத இடத்தில் வண்ணப் படம் எதற்கு என்று அவள் சில படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். அப்போதுதான் மா. கிருஷ்ணன் பற்றிச் சொன்னாள். நம் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்துப் பெயர் வாங்கினவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமரா செய்துகொண்டாராம். 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அவர் பெயர் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

மழைக்குப் பிறகு: ஆள்காட்டியின் முட்டை

சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தது. ஓடையில் முதல் தண்ணீர் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி கறுப்பாக வந்ததாகத் தோட்டத்துக்காரர் சொன்னார். நாங்கள் போனபோது, எரிந்த புல்லின் தூருக்குள்ளிருந்து ஊசி ஊசியாய்ப் பச்சை எட்டிப் பார்த்தது. தரையோடு தரையாய் எரிந்த ஈச்சை கூடக் குருத்து விட்டிருந்தது. வேங்கை போலத் தடித்த பட்டை உள்ள மரங்கள் இந்த மாதிரித் தரைத்தீயைத் தாங்கிவிடும் என்றார் பெரியவர்.

“அப்போ தீ நல்லதுதானே?” என்றாள் அண்ணன் மகள்.

“இந்தப் புல்லுக்கு எப்பவாச்சும் ஒரு தடவைன்னா தாங்கும். வருஷா வருஷம் எரிச்சா கன்னு எப்படி மரமாகும்? மேல சோலைக்காட்டுல ஒரு தடவை ஏறிச்சுன்னா நம்ம ஆயுசுல திரும்பாது” என்றார். சோலைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லிசு, எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகினவை. சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்குக்கு அந்தக் காட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஒரு ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு சுற்றியது. போவதும் வருவதும், ஒரே அலறல். பெரியவர் எங்களை நிறுத்திவிட்டுத் தரையைக் காட்டினார். நாலடி தள்ளி, வெட்ட வெளியில், நாலு முட்டை! கரித்தூளும் மண்ணும் கலந்த அதே நிறம். காட்டியிராவிட்டால் மிதித்தே இருப்பேன்.

அவள் கண் விரிந்தது. “அத்தை, ரெண்டே நிமிஷம். கிட்டப் போய் ஒரு படம். இந்த மாதிரி இன்னொரு தடவை கிடைக்காது.”

மணி ஒன்பதரை. வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. தாய்ப் பறவை வந்து உட்கார்ந்து நிழல் கொடுக்காவிட்டால் அந்த முட்டை என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்கிற எனக்கா தெரியாது? “வேண்டாம்ட்டி. நமக்கு அது படம், அதுக்கு அது பிள்ளை. ரெண்டு நிமிஷம்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். நானும் அரைக்குடம் தண்ணி போதும்னுதான் நினைச்சேன்” என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் பேசாமல் பின்னால் நடந்தாள். தூரத்தில் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் ஆள்காட்டி இறங்கி, குடுகுடுவென்று ஓடி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முட்டை மேல் அமர்ந்தது. அந்த நீள லென்ஸில் அவள் அங்கிருந்தே எடுத்தாள். பறவை சின்னதாய்த்தான் விழுந்திருக்கிறது. சுற்றிலும் கறுப்பு, நடுவே புல்லின் பச்சைப் புள்ளிகள், அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். அவள் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம் என்று அவளே பிறகு சொன்னாள்.

ஆடிச் சாரலில்

கடைசியாகப் போனது ஆடியில். சாரல் முகத்தில் தெளித்தது. தீப்பிடித்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தது, அவ்வளவு புல்! கருக்கலில் பொத்தையின் மேல்விளிம்பில் ஒரு மிளாவும் அதன் கன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. மூச்சு விடாமல் உட்கார்ந்து பார்த்தோம். அவள் நாலே நாலு படம் எடுத்துவிட்டுக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் நான் இன்னொன்றையும் கவனித்தேன். போன வருஷம் எங்கள் பிள்ளைகள் பறித்துத் தின்ற இளநெல்லிக் கன்றுகள் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. புல் மூன்று மாதத்தில் வரும், மரம் வராது. படத்தில் பச்சை தெரிகிறதே என்று ஏமாந்துவிடக்கூடாது.

நம் மலைகளில் தீ பெரும்பாலும் தானாகப் பிடிப்பதில்லை. மனிதர் கையால்தான் பிடிக்கிறது. அணைக்காத பீடி, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கிற நெருப்பு, தேன் எடுக்கப் போகிறவர் பந்தம், நம்மைப் போன்றவர் மூட்டுகிற அடுப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரம் வளர்கிற புல், மாசி பங்குனியில் வைக்கோலாய்க் காய்ந்து நிற்கும். வனத்துறையினர் அதற்கு முன்பே புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். செயற்கைக்கோள் கண்டுபிடிக்கிற தீயை, இந்திய வன அளவைத் துறை போனில் செய்தியாக அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் வந்து நம் அடுப்பில் தண்ணீர் ஊற்றுமா? காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமும்கூட.

இது காட்டோடு நின்றுபோகிற விஷயம் இல்லை. தாமிரபரணி பெரிய பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. பாபநாசம் அணை 143 அடியில் இன்றைக்கு எத்தனை, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோமே, அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவது மேலே இருக்கிற புல்லும் சோலையும்தான். அது எரிந்தால் மழைத்தண்ணீர் நிற்காமல் மண்ணையும் அடித்துக்கொண்டு ஓடும். நம் வீட்டுக் குழாய்க்கும் அந்த மலைக்கும் தூரம் அதிகமில்லை.

உங்கள் பிள்ளைகளும் இப்படிப் படம் எடுக்கக் கிளம்பினால் தடுக்காதீர்கள். ஆனால் நாலு விஷயம் சொல்லி அனுப்புங்கள். தீ எரியும்போது பக்கத்தில் போகவே கூடாது. அணைந்த பிறகும் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டு எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. ரப்பர் செருப்பு உதவாது, தடித்த தோல் பூட்ஸும் பருத்தி உடையும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தச் சாம்பல் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்காமல் சுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டும். எங்கேயாவது புகை கண்டால் முதலில் போட்டோ எடுக்காமல், 101-க்குப் போன் செய்ய வேண்டும்.

நாலு நாளில் எடுத்த படங்களில் நாலைப் பெரிதாக்கி அண்ணன் மகள் எனக்குக் கொடுத்தாள். பனங்காடை, சாம்பலில் முயல் தடம், ஆள்காட்டி, மிளாவும் கன்றும். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது, நான் எடுத்தது. அது மட்டும் அடுப்படியில், தீப்பெட்டி வைக்கிற மாடத்துக்கு மேலே. மூன்று கல், நடுவில் சாம்பல். வருகிறவர்கள் “இது என்ன படம்?” என்று கேட்பார்கள். சொல்லுவேன்.

ஓடைக்கரைக்கு இப்போதும் போகிறோம். கூட்டாஞ்சோறு மட்டும் வீட்டிலேயே வெந்து, தூக்குவாளியில் வருகிறது. ருசி ஒன்றும் குறையவில்லை.